கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வந்து இடம் வாங்குகிறவர்கள், அச்சாரம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

துபாய், தோஹா, மும்பை, சென்னை என்று வெளியில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம் பக்கம் வந்து இறங்கியதுமே இடத்தரகர்களும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நேர்மையாகத் தரகு பார்த்துப் பிழைக்கிறவர்கள் நிறைய பேர் உண்டு, அவர்களைச் சொல்லவில்லை. "எப்போ திரும்பப் போறீங்க தம்பி?" என்று முதலில் கேட்டு வைத்துக்கொண்டு, அந்தத் தேதியை வைத்தே காரியத்தை முடிக்கிற ஆட்களைச் சொல்கிறேன். போன டிசம்பரில் அப்படி ஒருவரிடம் தோஹாவில் இருக்கும் என் தம்பியின் பணம் 4 லட்சம் மாட்டிக்கொண்டது. அதில் 3 லட்சம் இன்னும் வரவில்லை.

இடம் பாளையங்கோட்டைக்கு வெளியே, தூத்துக்குடி நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி 6 சென்ட் மனை. சென்ட் நாலரை லட்சம் என்று பேச்சு. பழைய அப்ரூவ்டு மனை, பாதை சரியாக இருந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே தண்ணீர் ஏறவில்லை என்று பக்கத்துக் கடைக்காரரும் சொன்னார் (அந்த வெள்ளத்துக்கு அப்புறம் இங்கே யார் இடம் பார்க்கப் போனாலும் முதல் கேள்வி அதுதான்). தரகர் சர்ச்சில் பார்த்துப் பழகிய மனிதர். விற்கிறவர், மனையை 1987-ல் வாங்கியவரின் மூத்த மகன். அப்பா இறந்துவிட்டார், இனி எல்லாம் நான்தான் என்றார். தம்பியே பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தான். 1975-லிருந்து பதிவானதை இலவசமாகவே பார்க்கலாம். 1987 கிரயத்தைத் தவிர ஒன்றும் இல்லை. "வில்லங்கம் சுத்தம், இனி என்ன யோசனை?" என்றார் தரகர்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். ஒருவர் இறந்து, பிள்ளைகளுக்குச் சொத்து வந்து சேர்வதற்குப் பத்திரம் எதுவும் போடுவதில்லை, அதனால் அது வில்லங்கத்தில் ஏறாது. அப்பா வாங்கிப் போட்டு முப்பது நாற்பது வருஷம் யாரும் தொடாத மனைக்கு வில்லங்கம் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். அங்கே கேட்க வேண்டியது இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, அதில் பெயர் இருக்கிற அத்தனை பேரின் கையெழுத்து. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறதே என்று தம்பி கேட்டதற்கு, "வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, லீவுனால தாலுகா ஆபீஸ்ல கிடக்கு, வந்ததும் அனுப்பி வைக்கேன்" என்றார் தரகர். இப்படி ஒவ்வொன்றுக்கும் லீவு ஒரு பதிலாக வந்தது.

பத்திரம் எப்போது என்றதற்கும் அதே பதில்தான். 25 லீவு, சனி ஞாயிறு லீவு, ஜனவரி 1 லீவு, நடுவில் இருக்கிற நாட்களில் சார் பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கிடைக்காது, அதனால் இப்போதைக்கு ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம் என்றார். "தை பொறந்துட்டுன்னா இந்த விலைக்கு நினைச்சுக்கூடப் பாக்க முடியாது தம்பி, ரெண்டு பார்ட்டி காத்துக்கிட்டு நிக்காங்க." நம்மூர் விஷயம் தெரிந்தவர்களுக்கு, டோக்கன் கிடைக்காது என்றதில் உள்ள பொய் புரியும். மார்கழியில் இடம் கிரயம் செய்யப் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் விரும்புவதில்லை, தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். பதிவு அலுவலகத்தில் கூட்டம் குறைகிற மாதம் அது. பிறகு நான் போய் விசாரித்தபோது அங்கிருந்த பத்திர எழுத்தர் ஒருவர், "மார்கழில நாங்களே ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம், டோக்கன் இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். டோக்கன் காலியாக இருக்கிறதா என்பதைப் பதிவுத்துறையின் தளத்தில் நாமே பார்க்கலாம். 26-ம் தேதி அலுவலகம் திறந்துதான் இருந்தது.

பணத்தில் 1 லட்சம் விற்பவரின் வங்கிக் கணக்குக்குப் போனது. 3 லட்சம் ரொக்கம், தரகர் கையில். "பேங்க் லீவு, அவருக்கு அவசரமா பணம் வேணும்" என்றார். நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமானவரிச் சட்டத்தில் 2015-லிருந்தே இருக்கிறது, மீறினால் ரொக்கம் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். தொழிலாகவே இதைச் செய்கிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. இன்னொன்று, தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் வராது. அதனால் அதே மனைக்கு அதே ஆட்கள் இன்னொருவரிடமும் அச்சாரம் வாங்கலாம், அவருக்கு நீங்கள் கொடுத்த விவரமே தெரியப் போவதில்லை.

தம்பி புது வருஷ ஆராதனை முடிந்து தோஹாவுக்குத் திரும்பிப் போனதும், மனையில் நின்ற சீமைக்கருவேலத்தை வெட்ட நான் ஆள் விட்டேன். மறுநாளே ஒரு அம்மா தன் கணவரோடு அங்கே வந்து நின்றார்கள். கிறிஸ்துமஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள், விற்றவரின் தங்கை. "எங்க அப்பா வாங்கிப் போட்ட இடம்லா இது. அம்மா இருக்காங்க, நாங்க ரெண்டு பொம்பளைப் பிள்ளைக இருக்கோம். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம அண்ணன் எப்படி விப்பான்?" என்று அழாத குறையாகக் கேட்டார்கள். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. அவர்கள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஏமாற்றப்பட்டதில் அவர்களும் சேர்த்திதான்.

இங்கே நிறைய வீடுகளில் நகை போட்டுக் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பங்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் வித்தியாசம் கிடையாது. அண்ணன்காரர் முழு மனையையும் தன் சொத்தாகக் காட்டியிருக்கிறார். மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போடாமல் அவர் விற்க முடிவது தன் பங்கை மட்டும்தான்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த அலைச்சல். விற்றவர் தரகரைக் கையைக் காட்டினார், தரகர் விற்றவரைக் கையைக் காட்டினார். போலீஸில் மனு ரசீது கொடுத்தார்கள், ஆனால் பணத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கம்மா என்றுதான் பேச்சு. வங்கி வழியாகப் போன 1 லட்சத்தை அந்தத் தங்கைதான் அண்ணனோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார்கள். ரொக்கத்துக்கு என்ன ஆதாரம் என்று தரகர் முதலில் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் பணம் வாங்கும்போது தம்பிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு இருந்ததால்தான் பிறகு இறங்கி வந்து 3 லட்சத்துக்கு ஒரு செக் கொடுத்தார்.

விற்கிற பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே தரகர் அதே வாரத்தில் எங்கள் ஊர்ப் பனைவிளையை (பனை நிற்கிற நிலத்தை) விற்றுத் தருகிறேன் என்றும் வந்தார். மனை வாங்கப் பேசும்போது தை வந்தால் விலை ஏறும் என்றவர், எங்கள் விளைக்கு மட்டும் "மார்கழில எவன் வாங்குவான், விலையைக் குறைச்சாத்தான் போகும்" என்றார். தம்பி கிளம்புவதற்குள் தனக்குத் தெரிந்த ஒருவர் பெயரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி விடாமல் கேட்டார். அதை நான் நிறுத்திவிட்டேன். விற்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் கொடுக்கிற பவரை வெளியாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், இங்கே உங்கள் நிலத்தை யார் பெயருக்கு என்ன விலைக்கு எழுதினார்கள் என்பது உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். லீவுக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருக்கும் நாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, சொந்த அக்கா தங்கைக்கோ அப்பாவுக்கோ பவர் அனுப்பலாம், அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டினால் போதும். எங்கள் விளையை அப்படித்தான் தையில் விற்றோம், மார்கழியில் அவர் சொன்னதைவிட நல்ல விலைக்கு.

தரகர் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பிவிட்டது. செக் திரும்பியது என்று வங்கி எழுதிக் கொடுக்கிற தாள் கையில் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவருக்கு அவகாசம், அதற்கு அப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுத்துவிட வேண்டும், தேதி தவறினால் சிக்கல். நாங்கள் தேதி தவறாமல் கொடுத்துவிட்டோம். கேஸ் நடக்கிறது. தரகர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார், மனையில் "விற்பனைக்கு" என்ற போர்டும் அப்படியே நிற்கிறது. நான்குவழிச் சாலைக்கு உள்ளே, பட்டா இறந்தவர் பெயரில் இருக்கும் 6 சென்ட் மனையை இந்த டிசம்பரில் யாராவது உங்களுக்குக் காட்டினால், அந்த வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு தாயும் இருக்கிறார்கள், அவர்களிடம் நேரில் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.