சாவோ பிரயாவில் ஒரு நாள்: ஆரஞ்சுக் கொடியா, நீலக் கொடியா, மெட்ரோவா?

பாங்காக்கில் பார்த்தே ஆக வேண்டிய மூன்று இடங்களான ராஜ அரண்மனை, வாட் போ கோயில், வாட் அருண் கோயில் ஆகியவை பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. நடுவே சாவோ பிரயா ஆறு மட்டும் ஓடுகிறது. டாக்சி பிடித்தால் பழைய நகரத்து நெரிசலில் மீட்டர் ஏறிக்கொண்டே போகும். பொதுப் போக்குவரத்தில் போக மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் போய்ச் சேரலாம். ஆனால் நாள் எப்படி அமையும் என்பது எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் ஆற்றுப் பேருந்து. 1971 முதல் ஓடும் சாவோ பிரயா எக்ஸ்பிரஸ் படகுகளில் எது எங்கே நிற்கும் என்பதைக் கொடியின் நிறம்தான் சொல்லும். நமக்கு வேண்டியது ஆரஞ்சுக் கொடி. காலை முதல் மாலை வரை, வார இறுதியிலும் ஓடும். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், தாய்லாந்துப் பணத்தில் 16 பாட். (டீசல் விலையைப் பொறுத்து ஓரிரு பாட் கூடும், குறையும்.) மஞ்சள் கொடி, பச்சை-மஞ்சள் கொடிப் படகுகள் வேலைநாட்களில் அலுவலக நேரத்தில் மட்டும் வருபவை. அவை பல துறைகளை விட்டுவிட்டுப் போகும். காலையில் அவசரப்பட்டு முதலில் வந்த படகில் ஏறியவர்கள், இறங்க வேண்டிய துறை கண்முன்னே கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

பிடிஎஸ் என்ற மேம்பால நகர ரயிலில் சஃபான் தக்சின் நிலையம் வந்து, 2ஆம் வாயிலில் இறங்கினால் கீழேயே சாத்தோர்ன் துறை. சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். வெளிநாட்டு முகத்தைக் கண்டதும் 'டூரிஸ்ட் போட்' என்று நீலக் கொடி வரிசைக்கு வழிகாட்டுவார்கள். தனிப் படகு பேசுகிறவர்களும் சூழ்ந்துகொள்வார்கள். ஆரஞ்சுக் கொடிக்குத் தனி வரிசை இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். கவுன்டரில் டிக்கெட் எடுக்காவிட்டாலும் படகிலேயே கொடுப்பார்கள். நீளமான உலோகக் குழலைக் கிலுக்கிக்கொண்டு நடத்துநர் வருவார். 20 பாட் நோட்டும் சில்லறையும் கையில் இருக்கட்டும். 1000 பாட் நோட்டை நீட்டாதீர்கள்.

ஆரஞ்சுக் கொடியின் உண்மையான குறை, ஏற்றி இறக்கும் அவசரம்தான். படகு துறையை ஒட்டி நிற்பது சில நொடிகள். ஊழியர் விசில் அடிக்க, பின்பக்கமாக இறங்குபவர்கள் இறங்குவார்கள், ஏறுபவர்கள் ஏறுவார்கள், அதற்குள் கயிறு அவிழ்ந்துவிடும். இன்னொரு படகின் அலை மோதும்போது படகுக்கும் துறைக்கும் நடுவில் இடைவெளி விரிந்து சுருங்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இது விளையாட்டில்லை. மற்றவர்கள் தங்கள் துறைக்கு முந்தைய துறையைக் கடந்ததுமே எழுந்து பின்னால் போய் நின்றுவிட்டால் போதும்.

நீலக் கொடி சுற்றுலாப் படகு ஏறத்தாழ அதே ஆற்றுப் பாதையில்தான் போகிறது, அதே அரண்மனையைத்தான் காட்டுகிறது. ஒரு முறைக்கு 30 முதல் 40 பாட், நாள் முழுவதும் ஏறி இறங்க 150 பாட். கூட்டம் குறைவு, இருக்கை கிடைக்கும், வழியில் ஆங்கில அறிவிப்பும் உண்டு. ஆனால் சுமார் அரை மணிக்கு ஒன்றுதான். ஒரு படகைத் தவறவிட்டால் வெயிலில் அரை மணி போச்சு. கணக்கும் போட்டுப் பாருங்கள்: 150 பாட்டுக்கு ஆரஞ்சுக் கொடியில் ஒன்பது முறை போகலாம். ஒரு நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் படகேறுபவர்கள் அரிது. எனவே நாள் சீட்டு பெரும்பாலோருக்கு வீண் செலவு. பெரியவர்களோடு போனால் நீலக் கொடியிலேயே ஒற்றைச் சீட்டு எடுப்பது நல்ல வழி.

மூன்றாவது எம்ஆர்டி மெட்ரோவின் நீலத் தடம். 2019இல் சனாம் சாய் நிலையம் திறந்தபின் வாட் போ பத்து நிமிட நடையாகிவிட்டது. குளிர்சாதனம் உண்டு, மழையில் நனைய வேண்டாம், இரவிலும் ஓடும். சர்வதேசக் கார்டைத் தட்டியே உள்ளே போகலாம். ஆனால் இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் 'டேப்' வசதியும் பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கதவு திறக்காது. பிடிஎஸ் டிக்கெட் இதில் செல்லாது, இரண்டும் தனித்தனி. எல்லா வசதியும் இருந்தும், ஆற்றைப் பார்க்க வந்துவிட்டு நிலத்துக்கு அடியில் சுரங்கத்தில் போவதில் என்ன இருக்கிறது? மெட்ரோ திரும்பி வருவதற்கான வழி.

ஆகவே எங்கள் தீர்ப்பு: போகும்போது ஆரஞ்சுக் கொடி, ஆற்றைக் குறுக்கே கடக்க ஃபெர்ரி படகு, திரும்பும்போது மெட்ரோ. காலை 8 மணிக்குள் சாத்தோர்னில் ஏறி இடப்பக்கம் உட்காருங்கள். படகு வடக்கு நோக்கிப் போவதால் காலை வெயில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் விழும். வாட் அருணும் இடப்பக்கமே வரும். அது கிழக்குப் பார்த்து நிற்பதால் காலை வெளிச்சம் முகத்திலேயே படும். சூரியனின் தேர்ப்பாகன் அருணனின் பெயர் கொண்ட கோயிலை அந்த நேரத்தில் பார்ப்பதுதான் பொருத்தம்.

சுமார் அரை மணியில் தா சாங் துறை, எண் 9. ('தா' என்றால் துறை, 'வாட்' என்றால் கோயில்.) அரண்மனை 8:30க்குத் திறக்கும், கட்டணம் 500 பாட், மாலை 3:30க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே ஒருவர் "இன்று அரண்மனை மூடல்" என்று சொல்லி துக்-துக் ஆட்டோவில் ஏற்றப் பார்ப்பார். அவர் பேச்சைக் காதில் வாங்காமல் நேராக வாயிலுக்குப் போங்கள்.

அங்கிருந்து மதிலை ஒட்டித் தெற்கே நடந்தால் வாட் போ. 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இங்கேதான். பக்கத்திலேயே தா தியன் துறை. 5 பாட் கொடுத்தால் ஃபெர்ரி வாட் அருணில் இறக்கிவிடும். மாலைக்குள் இக்கரைக்கே திரும்பிவிடுங்கள். சூரியன் வாட் அருண் கோபுரத்துக்குப் பின்னால் இறங்குவதை தா தியன் பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் படகுகள் அருகிவிடும். சனாம் சாய்க்கு நடந்து மெட்ரோ பிடியுங்கள்.

சைவச் சாப்பாடு தேடுபவர்களுக்கு அடுத்த நிலையமான சாம் யோத்தில் இறங்கினால் பாஹுரத், பாங்காக்கின் 'லிட்டில் இந்தியா', நடை தூரம்தான். சிலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் போக நினைப்பவர்கள் அதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். சுரசாக் பிடிஎஸ் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும்.

அக்டோபர், நவம்பரில் போவதாக இருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை வெள்ளமும் கடல் ஏற்றமும் சேர்ந்து ஆறு உயரும் நாட்களில் சில துறைகளை மூடிவிடுவார்கள். அன்று சாத்தோர்னில் வரிசையில் நிற்கும் முன்பே தா சாங் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் போவதும் மெட்ரோவில்தான்.