சி++ கிளாஸைப் பைதானுக்கும் கொடுத்தால், ஆபரேட்டர் டெஸ்ட்டை எந்தப் பக்கம் எழுதுவது?

வெக்டர், அணி, தேதி மாதிரியான ஒரு கிளாஸை சி++-இல் எழுதி, பைபைண்ட்11 என்ற இணைப்பு லைப்ரரி வழியாகப் பைதானுக்கும் கொடுக்கிறோம். +, ==, += எல்லாம் ஓவர்லோட் செய்தாயிற்று, அதாவது இந்தக் குறிகள் நம் கிளாஸில் என்ன செய்ய வேண்டும் என்று நாமே எழுதியாயிற்று. இவற்றுக்கான டெஸ்ட்டை எங்கே எழுதுவது? சி++ பக்கம் மட்டும் எழுதலாம், பைதான் பக்கம் மட்டும் எழுதலாம். இல்லையென்றால் உள்ளீடும் விடையும் கொண்ட ஒரே பட்டியலை ஒரு கோப்பில் வைத்து இரண்டு பக்கமும் ஓட்டலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பங்கு டெஸ்ட் பைதான் பக்கம்தான் இருக்க வேண்டும்.

சி++ பக்கத்துக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். கூகுள்டெஸ்ட், கேட்ச்2 என்ற சி++ டெஸ்ட் கருவிகளில் எதுவானாலும் வேகமாக ஓடும். ஆபரேட்டர் கான்ஸ்ட்எக்ஸ்ப்ராக (கம்பைல் நேரத்திலேயே கணக்கிடக்கூடியதாக) இருந்தால் ஸ்டாட்டிக் அசர்ட்டில், அதாவது கம்பைல் ஆகும்போதே, சோதிக்கலாம். அதில் குறியுள்ள (signed) இன்டிஜர் ஓவர்ஃப்ளோ இருந்தால் கம்பைலரே அந்த இடத்தில் நிறுத்திவிடும். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்ப்பதும் சுலபம். பைதான் வழியாக அதை ஓட்ட வேண்டுமானால் பெரும்பாலும் அந்தச் சானிடைசரின் லைப்ரரியை முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டியிருக்கும். ஆக, கணக்கு சரியா, நினைவகம் சரியா என்ற இரண்டு கேள்விக்கும் இதுதான் நல்ல இடம். ஆனால் இரண்டு மொழியையும் இணைக்கும் பைண்டிங் என்று ஒன்று இருப்பதே இந்த டெஸ்டுகளுக்குத் தெரியாது. பிழைகள் ஒளிந்துகொள்வதோ அங்கேதான்.

== ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சி++-இல் அதை எழுத மறந்தால் ஒப்பிடும் வரி கம்பைல் ஆகாது. சி++-இல் எழுதிவிட்டு பைண்டிங்கில் சேர்க்க மறந்தால் பைதான் வாயே திறக்காது. இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்த்து, இல்லையென்றால் ‘சமமில்லை’ என்று சொல்லிவிடும். < ஐ மறந்தாலாவது டைப்எரர் வரும். அதனால் வேறு வேறு மதிப்புகள் சமமில்லை என்ற டெஸ்ட் மட்டும் இருந்தால், பைண்டிங்கே இல்லாமலும் அது பச்சை காட்டும். தனித்தனியாக உருவாக்கிய, ஒரே மதிப்புள்ள இரண்டு ஆப்ஜெக்ட் சமம் என்ற டெஸ்ட் கட்டாயம் வேண்டும். அப்புறம் ஹாஷ், அதாவது டிக்ஷனரியும் செட்டும் ஆப்ஜெக்டைத் தேடப் பயன்படுத்தும் எண். பைபைண்ட்11-இன் 2.6 பதிப்பிலிருந்து, == ஐச் சேர்த்துவிட்டு ஹாஷ் மெத்தடைச் சேர்க்காமல் விட்டால் அந்த ஆப்ஜெக்டை டிக்ஷனரி சாவியாகவோ செட்டிலோ வைக்க முடியாது. இதை எந்த சி++ டெஸ்ட்டும் சொல்லாது.

+= இன்னும் நுணுக்கமானது. சி++-இல் ‘அ += ஆ’ என்றால் அ அதே இடத்தில் மாறும், அதைச் சுட்டும் எல்லா ரெஃபரன்ஸுக்கும் அது தெரியும். பைண்டிங்கில் + மட்டும் இருந்து += இல்லையென்றால், பைதான் பிழை எதுவும் சொல்லாமல் ‘அ = அ + ஆ’ என்று செய்துவிடும். அ புது ஆப்ஜெக்ட்; முன்பு ‘இ = அ’ என்று எடுத்துவைத்த இ பழைய மதிப்பிலேயே நிற்கும். அ-வின் மதிப்பை மட்டும் பார்க்கும் டெஸ்ட் இதைக் கண்டுபிடிக்காது.

+= க்கு லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) எழுதி, அது ரெஃபரன்ஸுக்குப் பதில் மதிப்பையே திருப்பினால் நிலைமை இன்னும் மோசம். ரிட்டர்ன் டைப் குறிப்பிடாத லாம்டா செய்வது அதைத்தான். முதல் += இல் பழைய ஆப்ஜெக்டும் மாறும், அ என்ற பெயர் அதன் நகலுக்குப் போய்விடும். அந்த நொடியில் அ-வும் இ-யும் சமம், மதிப்பை ஒப்பிடும் டெஸ்ட் பாஸ். இரண்டாவது += நகலை மட்டும் மாற்றும், இ பின்தங்கிவிடும். ஆகவே += க்குப் பிறகு அ-வும் இ-யும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று கேட்கும் டெஸ்ட்டை பைடெஸ்ட் என்ற பைதான் டெஸ்ட் கருவியில் எழுதியே ஆக வேண்டும்.

‘2 * அ’ போல எண் இடப்பக்கம் வருவதும் இங்கேதான் உடையும். பைதானில் அதற்குத் தனி ரிவர்ஸ் மெத்தட். ஆபரேட்டரை லாம்டாவாகச் சேர்க்கும்போது ‘இது ஆபரேட்டர்’ என்ற குறியை விட்டுவிட்டால், தெரியாத டைப் வரும்போது ‘என்னால் முடியாது, எதிர்ப்பக்கத்தைக் கேள்’ என்று பொருள்படும் நாட்இம்ப்ளிமென்டட் திரும்பாது, நேராக டைப்எரர் எழும். எதிர்ப்பக்க கிளாஸுக்கு வாய்ப்பே கிடைக்காது. [] பற்றியும் ஒரு வார்த்தை: எல்லை பார்க்காத சி++ [] ஐ அப்படியே கொடுத்தால், தனி இட்டரேட்டர் இல்லாத கிளாஸில் பைதானின் ஃபார் லூப் இண்டெக்ஸ்எரருக்காகக் காத்துக்கொண்டே நினைவகத்தைத் தாண்டி ஓடும்.

பைண்டிங்கைத் தானாக உருவாக்கும் ஸ்விக் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு பைதான் டெஸ்ட் இன்னும் அவசியம். கிளாஸுக்குள் இருக்கும் + ஐ அது தானாக மாற்றிக்கொடுக்கும். வெளியே தனி ஃபங்ஷனாக எழுதிய ஆபரேட்டரை நாம்தான் சேர்க்க வேண்டும். ஆனால் [] ஐ ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும்.

பொதுப் பட்டியல் என்ற மூன்றாவது வழி கேட்க அழகாக இருக்கும். யோசித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே சி++ கோட்தான். அது தன்னோடு தானே ஒத்துப்போவதில் என்ன நிரூபணம்? மேலே சொன்ன ஹாஷ், ஒரே ஆப்ஜெக்டா என்ற கேள்வி, நாட்இம்ப்ளிமென்டட் எதுவும் ஜேசன் (எளிய தரவுக் கோப்பு வடிவம்) வரிசையில் அடங்காது. இது பயன்படும் இடம் ஒன்று உண்டு: அதே கிளாஸுக்குத் தூய பைதானில் எழுதிய மாற்று வடிவமும் இருக்கும்போது. அங்கே வகுத்தல் உடனே மாட்டும். முழு எண்களில் -7 / 2 சி++-இல் -3, பைதானின் -7 // 2 -4. மீதி ஒரு பக்கம் -1, மறுபக்கம் 1. அப்படிப் பட்டியல் வைத்தால் டபுள் எண்களை 17 இலக்கத்தோடு எழுதுங்கள், இல்லையென்றால் கடைசி பிட் மாறிப்போகும்.

நேரம் இருந்தால் கணக்கையும் நினைவகத்தையும் சி++ பக்கம் வைத்து, மற்ற எல்லாவற்றையும் பைடெஸ்ட்டில் எழுதுங்கள். கூட்டலில் இடம் மாற்றினாலும் விடை மாறாது போன்ற விதிகளை, பல உள்ளீடுகளைத் தானே உருவாக்கிச் சோதிக்கும் ஹைபாதசிஸ் லைப்ரரியை வைத்து ஓட்டலாம். ஒரு பக்கத்துக்குத்தான் நேரம் என்றால் பைடெஸ்ட் போதும், அதன் வழியாக சி++ கணக்கும் ஓடிவிடும். சி++ டெஸ்ட் வழியாக பைண்டிங் ஓடாது.