ஹமக் அடிப்போர்வை: தரையில் படுக்க நேர்ந்தால் உதவாது

விலை இறங்கியிருக்கிறது, நுளம்பு வலை வைத்த ஹமக்கையும் (மரங்களுக்கிடையே கட்டும் துணிப் படுக்கை) குளிருக்கு அதன் அடியில் தொங்கவிடும் அடிப்போர்வையையும் சேர்த்து வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். இரண்டையும் நெடுநாளாகப் பாவிக்கிறேன். மரத்தில் தொங்கும்வரை நுவரெலியாக் குளிரிலும் முதுகு சூடாகவே இருக்கும். அதற்கு முழுப் புள்ளி. ஆத்திரம் வருவது தரையில் படுக்க நேரும்போதுதான்.

மலையகத்தில் அது எந்த இரவிலும் நடக்கலாம். புல்மலை உச்சிகளில் கட்ட மரம் கிடையாது. தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரவிலியா பெருங்காற்றில் முறியும். கட்டும் பட்டி நைலோன் என்றால் மழையில் ஊறி நீண்டு, நடுச்சாமத்தில் இடுப்பு நிலத்தைத் தொடும்.

அடிப்போர்வையின் சூடெல்லாம் அதன் உப்பலில் அடைபட்ட காற்றில்தான். உடற்பாரம் ஏறியதும் அது தட்டையாகிவிடும், ஈரமண் முதுகுச் சூட்டை உறிஞ்சிவிடும். எத்தனை பாகைக் குளிர்வரை தாங்கும் என்று உறையில் அச்சிட்ட கணக்கு தரைக்குப் பொருந்தாது. இதை ஒரு வரியில் எழுதி விற்றால் என்ன குறைந்துவிடும்?

இறங்க நேர்ந்தால் அடிப்போர்வையைக் கழற்றி மேலே போர்த்துங்கள். கீழே தண்ணீர் குடிக்காத ஃபோம் பாய் வேண்டும். தோளிலிருந்து முழங்கால் வரை 120 செ.மீ. போதும், காலுக்குக் காலிப் பையை வையுங்கள். பாய் இல்லையா? கழுவிக் காயவைத்த உரச்சாக்கு இரண்டில் உதிர்ந்து காய்ந்த பைனஸ் இலையை அடையுங்கள். படுத்து அமுங்கிய பிறகும் 10 செ.மீ. தடிப்பு மிஞ்ச வேண்டும். காட்டுக்குள் கிடக்கும் ஈரச்சருகு வேண்டாம், அட்டை கூடவே வரும்.

தேயிலை மலையில் வடிகானுக்குள் படுக்காதீர்கள். மட்டமாகத் தெரியும், மழை வந்தால் வெள்ளம் அதற்குள்தான் ஓடும். தறப்பாளின் கால்பக்க விளிம்பைக் காற்று வரும் திசையில் நிலத்தோடு அடித்து, தலைப்பக்கத்தை ஊன்றுகோலில் 70 செ.மீ. உயர்த்துங்கள். அந்தப் பக்கம் திறந்திருக்கட்டும், மூச்சின் ஈரம் வெளியேற வேண்டும். கீழே விரிக்கும் பொலித்தீன் தறப்பாள் விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே நிற்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வடியும் மழையை எல்லாம் வாங்கி முதுகுக்கடியில் சேர்த்துவிடும். அதன்மேல் பாய், பாயின்மேல் ஹமக். வலைக் கயிற்றை ஊன்றுகோலில் கட்டி முகத்தில் படாமல் தூக்கி, சிப்பை முழுக்க இழுத்துவிடுங்கள். அடி திறந்த வலை தரையில் அட்டையைத் தடுக்காது.

நண்பருக்கு என் பதில்: அடிப்போர்வையை விடுங்கள், ஹமக்கும் ஃபோம் பாயும் எடுங்கள். தொங்கும்போது பாய் அடிப்போர்வைக்குக் கிட்டவும் வராது. தோளோரம் குளிரும், முதுகு வியர்க்கும். ஆனால் தரையிலும் வேலை செய்யும். இரட்டைத் துணி ஹமக்காகப் பாருங்கள், பாயை இரண்டு துணிக்கும் நடுவில் செருகினால் நழுவாது.