வெள்ளத்தில் எடுத்த படங்கள் என் பேரில் வரவில்லை: புதிதாக வரும் போட்டோகிராபர் தம்பிகளுக்கு

நெல்லையில் பத்திரிகைக்கு ஃப்ரீலான்ஸாகப் படம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இதை முழுசாகப் படிங்க. எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். இப்படி அடுத்தவன் படத்தைத் தன் பேரில் போட்டுக்கொள்கிற ஆள் இன்னும் இதே ஊரில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே விடாத மழை. மறுநாள் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடிவிட்டது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமாகக் கிடந்தது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தண்ணீர். நான் இந்தத் தொழிலுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு படம் பேப்பரில் வந்தால் 300 ரூபாய். கையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 1500டி. அதில் மெமரி கார்டு போட ஒரே ஒரு இடம்தான் உண்டு, இன்னொரு கார்டில் காப்பி விழாது.

சிந்துபூந்துறையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். ஒரு டெய்லர் தாத்தா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, தலைமேல் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். சேலைமுனையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் கண்ணுக்குள் இறங்குகிறது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் மெஷினைப் பிடித்திருக்கிறது. கண்ணை மூடி மூடித் திறந்தபடியே வந்தார். அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. எடுத்ததுமே தெரிந்துவிட்டது, என் வாழ்க்கையிலேயே நல்ல படம் இதுதான் என்று.

அனுப்ப வழி இல்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. 19-ஆம் தேதி காலையில் வண்ணாரப்பேட்டையில் அந்த ஆளைப் பார்த்தேன். சென்னைப் பத்திரிகைகளுக்குப் படம் சப்ளை செய்கிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, இங்க இருந்து நீ எப்படி அனுப்புவ? நான் மதுரைக்குப் போறேன். கார்டைக் குடு, அங்க போய் ஏத்தி விட்டுருதேன். உன் பேர்லதான் வரும், பயப்படாத."

கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். 412 படங்கள், வேறு காப்பி கிடையாது. போகும்போது 500 ரூபாய்த் தாளை என் சட்டைப்பையில் வைத்து, "பெட்ரோலுக்கு வச்சுக்க" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, இப்படி ஒரு நல்ல மனுஷனா என்று.

மூன்று நாள் கழித்து டெய்லர் தாத்தா படம் பேப்பரில் வந்தது. கீழே அந்த அண்ணாச்சியின் பேர்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. பதினோரு நாள் கழித்து டீக்கடையில் ஒரு பையன் மூலமாகக் கார்டு வந்தது. ஃபார்மேட் அடித்திருந்தது, திறந்தால் ஒரு படமும் இல்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, "ஏல, நான்தான் உனக்குத் துட்டு குடுத்தேன்லா? 500 ரூவா வாங்கும்போது இனிச்சுதோ?" என்றார். பெட்ரோலுக்கு என்று சட்டைப்பையில் வைத்த தாள், படத்துக்கான விலையாக மாறிவிட்டது. பத்திரிகையில் கேட்டேன். வந்த பேரைத்தான் போட்டோம் என்றார்கள்.

கார்டு கைக்கு வந்தபிறகு அதில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் தப்பித்தேன். சாதாரணமாக ஃபார்மேட் அடித்தாலும், அதன்மேல் புதிதாக ஏதும் பதியாதவரை பழைய படங்கள் பெரும்பாலும் உள்ளே கிடக்கும். பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரெக்கவரி போட்டு 140 படங்கள் மீண்டன. டெய்லர் தாத்தாவும் வந்துவிட்டார். ஃபைலுக்குள் எடுத்த நேரமும் என் கேமராவின் சீரியல் நம்பரும் அப்படியே இருக்கின்றன. உங்களுக்கு இப்படி நடந்தால் முதல் வேலையாகக் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒரு வக்கீல் அண்ணனைப் பார்த்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகப் போய் எடுத்த படத்துக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்து வேண்டும், அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். வாய்ப்பேச்சும் 500 ரூபாயும் போதாது. இதே சட்டத்தில் 57-ஆவது பிரிவு, எடுத்தவன் நான் என்று உரிமை கோர இடம் தருகிறது. ஆனால் ஒருவர் முன்கூட்டியே பணம் பேசி "இதை எடுத்துக் குடு" என்று சொல்லி நீங்கள் எடுத்தால் கதை வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தப் படத்தின் உரிமை அவருக்குப் போய்விடும். அதனால் யார் காசு நீட்டினாலும் எதற்கு என்று அங்கேயே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். "பெட்ரோலுக்கு 500 வாங்கிக்கிட்டேன் அண்ணாச்சி, படம் என் பேரில் வரணும்." நான் அன்றைக்கு எழுதி வைத்திருந்து, டவர் வந்ததும் அனுப்பியிருந்தால்கூடப் போதும். வெறும் பேப்பரிலோ வவுச்சரிலோ கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் வழக்குப் போடவில்லை. போட்டால் ஆகும் செலவு அப்போது என்னிடம் இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பொங்கலுக்கு அப்புறம் பிரிண்ட் போட்டுக்கொண்டு சிந்துபூந்துறைக்குப் போனேன். தாத்தா அந்தப் பேப்பரை மடித்து வைத்திருந்தார். "நீதானடே தண்ணிக்குள்ள நின்னு எடுத்த? இதுல யார் பேரையோ போட்டிருக்காவ?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? பிரிண்டுக்குப் பின்பக்கம் என் பேரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வருஷம் ஆனித் தேரோட்டத்தில் வாகையடி முக்கில் அந்த அண்ணாச்சியைப் பார்த்தேன். பக்கத்தில் புதுக் கேமராவோடு ஒரு காலேஜ் பையன். கூட்டத்தைத் தாண்டி நான் போய்ச் சேர்வதற்குள் இருவரும் நகர்ந்துவிட்டார்கள். தம்பி, அந்தப் பையன் நீயாக இருந்தால், கார்டைக் கொடுத்திருந்தால், எனக்கு எழுது. என்னிடம் அந்த 140 ஃபைலும் இருக்கிறது. உன்னுடையதும் சேர்ந்தால் இரண்டு பேருமாகப் போய்க் கேட்கலாம்.