அப்பாவின் ஓவியங்களை ஒரு கேலரியிடம் கொடுத்தோம்: வாரிசு தரப்பு விமர்சனம்

கேலரியின் பெயரைப் போடவில்லை. கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையில் சமகால ஓவியம் விற்கிற தனியார் கேலரி, மறைந்த ஓவியர்களின் படைப்புகளையும் பராமரிக்கிறது என்ற அளவுக்குப் போதும்.

அப்பா எழும்பூர் பக்கம் இருக்கும் ஓவியக் கல்லூரியில் படித்தவர். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் கண்காட்சி வைப்பார். ஒன்றிரண்டு விற்கும், மீதி ஆட்டோவில் வீடு திரும்பும். அவர் போன பிறகு மாடி அறை முழுக்க கேன்வாஸ், பரணில் சுருட்டி வைத்த காகிதங்கள். கரையான் வேறு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பட்டியல் போட்ட விதத்துக்கே இவர்களிடம் போகலாம். ஒரு பெண் வந்து ஒவ்வொன்றையும் அளந்து, வண்ண அட்டையை ஓரமாக வைத்து முன்னும் பின்னும் படமெடுத்து, எண் கொடுத்தார். பின்பக்கம் எதற்கு என்று கேட்டேன். மரச்சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய கண்காட்சிச் சீட்டுகளைக் காட்டினார். தேதியே போடாத பல ஓவியங்களுக்கு அப்படித்தான் ஆண்டு கிடைத்தது. செலோடேப்பை உரிக்கப் போன என் கையைத் தடுத்து, அதைப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்றார். வர்ணம் உள்பக்கமாக இருக்கும்படி நாங்கள் சுருட்டியிருந்தோம். வெளிப்பக்கமாகச் சுருட்டியிருந்தால் விரிக்கும்போது இவ்வளவு வெடிப்பு வந்திருக்காதாம்.

கையெழுத்தில்லாத கோட்டோவியங்கள் நிறைய இருந்தன. என் தம்பிக்கு அப்பாவின் கையெழுத்து அச்சாக வரும். “நானே போட்டுடட்டுமா?” என்றான்.

“அதுக்குப் பேர்தான் சார் போலி” என்றார் அந்தப் பெண், தலை நிமிராமல்.

அதற்குப் பதில் குடும்பத்தின் பெயரில் ஒரு முத்திரை செய்து, பின்பக்கம் பென்சில் எண்ணோடு குத்தினார்கள். அந்த முத்திரை எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. கேலரியிடம் கொடுக்காதீர்கள்.

கிடங்கும் பரவாயில்லை. ஏசியைப் பகலில் போட்டு இரவில் அணைக்கிற வேலை இல்லை. ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான் காகிதத்துக்கு எமன் என்று விளக்கினார்கள். கேன்வாஸ்கள் தரையைத் தொடாமல் நிற்கின்றன.

இனி பணம். விற்றதில் சரிபாதி கேலரிக்கு. இது இந்தத் தொழிலில் வழக்கம்தான், வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஃபிரேம் போட்ட செலவையும் படமெடுத்த செலவையும் எங்கள் பாதியிலிருந்து கழித்தார்கள். விற்ற பணம் கேட்டால் “வாங்கினவர் இன்னும் செட்டில் பண்ணலை” என்ற பதில் மாதக்கணக்கில் வந்தது. ஓவியம் மட்டும் அவர் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது! காப்பீடு கண்காட்சி நாட்களுக்கு மட்டும்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆண்டுக்குச் சில ஓவியங்களுக்கு மேல் விற்க மாட்டோம் என்கிறார்கள். ஒரேயடியாக இறக்கினால் விலை சரியும் என்பது அவர்கள் வாதம். தம்பிக்கு வீட்டுக்கடன் இருப்பதால் கோபம். எனக்கு இதில் கேலரி பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை தானாகப் போய்விடாது. எழுதிக் கொடுத்தால்தான் போகும். ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை அது வாரிசுகளுடையது. நாட்காட்டி, புத்தக அட்டை எதற்கும் உங்களைத்தான் கேட்க வேண்டும். இவர்களின் அச்சடித்த படிவத்தில் “எல்லா உரிமைகளும்” என்று ஒரு வரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன், அவர்களும் மறுக்கவில்லை. மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் அதில் பங்கு கேட்கவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. உச்சவரம்பு 10 சதவீதம். அதைப் பற்றி அவர்களாக வாய் திறக்கவே இல்லை.

பராமரிப்புக்கு ஐந்துக்கு நாலரை, கணக்குவழக்குக்கு இரண்டு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பணம் தருவதற்கான கெடுவையும் கிடங்குக் காப்பீட்டையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் காகித ஓவியங்கள் மட்டும் அங்கே இருக்கும், கேன்வாஸ்களுக்கு வேறு இடம் பார்ப்போம்.