ஸ்பானிஷ் படித்த பிள்ளைக்கு என்ன தெரியும்: செமஸ்டர் மார்க்கா, டெலெ சான்றிதழா, பேச்சுப் பதிவா?

எங்கள் கல்லூரியில் ஸ்பானிஷ் தனிப் பட்டம் இல்லை, பட்டப்படிப்போடு சேர்ந்து ஓடும் விருப்பப் பாடம். முழு பி.ஏ. வேண்டுமென்றால் ஹைதராபாத் இஃப்லு (ஆங்கிலம், அயல்மொழிப் பல்கலைக்கழகம்), டெல்லி ஜேஎன்யு, டெல்லிப் பல்கலைக்கழகம் என்று நாகர்கோவிலில் ரயில் ஏறிப் போக வேண்டியதுதான். ஆனால் தனிப் பட்டமோ விருப்பப் பாடமோ, கல்லூரியின் தரத்தைப் பார்க்க நாக் குழு வருகிறது என்றால் கேள்வி ஒன்றுதான்: படித்து முடித்த பிள்ளைக்கு என்ன வரும், அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எங்களுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. செமஸ்டர் மார்க்கை வைத்தே கணக்குப் போடுவது, டெலெ அல்லது சியேலே மாதிரி ஸ்பானிஷ் மொழித்திறனுக்கான வெளித்தேர்வு எழுத வைப்பது, மாணவர் எழுதியதையும் பேசியதையும் ஒரு கோப்பாகச் சேர்த்து வைத்து நேர்காணலோடு முடிப்பது. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன், நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

செமஸ்டர் மார்க் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 25 இன்டர்னல், 75 செமஸ்டர் தேர்வு, வினாத்தாளில் கேள்விக்குக் கேள்வி சிஓ1, கே2 என்று குறி. சிஓ என்பது அந்தப் பாடத்தில் பிள்ளை கற்க வேண்டிய விளைவு, கே என்பது கேள்வி கேட்கும் அறிவின் படி. கே வரிசை அமெரிக்கக் கல்வியாளர் ப்ளூம் 1956-இல் போட்ட படிநிலையில் இருந்து வந்தது. எத்தனை பேர் இலக்கு மார்க்கைத் தாண்டினார்கள் என்று பார்த்து 1, 2, 3 என்று ஒரு நிலை, அதைப் பாடத்திட்ட அட்டவணையோடு பெருக்கினால் கடைசியில் 2.4 என்று ஒரு எண் வரும். நல்லது என்று சொல்ல வேண்டுமானால், கூடுதல் செலவு இல்லை, யாரும் விடுபட மாட்டார்கள், எக்செல் தெரிந்த ஒரு ஆள் இருந்தால் சாயங்காலத்துக்குள் வேலை முடியும், தணிக்கைக்கு வருகிறவர்களுக்கும் பழகிய வடிவம். கெட்டது, அந்த 2.4-ஐ வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் போய் என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு மார்க் என்பது பல சரக்குச் சேர்ந்தது. அசைன்மென்ட் நேரத்துக்குக் கொடுத்தது, வருகைப்பதிவு, மனப்பாடம் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கிறது. ஒரு பிள்ளைக்கு 82 என்றால் அவள் ஒழுங்கான பிள்ளை என்று நிச்சயமாகத் தெரியும், மாட்ரிட்டில் இருந்து வந்த ஒருவரிடம் நின்று பேசுவாளா என்று தெரியாது.

இரண்டாவது வழிக்கு மரியாதை அதிகம், அதில் நியாயமும் உண்டு. டெலெ ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துவது, சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஏ1 முதல் சி2 வரை மொழித்திறனுக்கான ஐரோப்பிய அளவுகோலின் ஆறு நிலைகள், எதை எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். பி1 எடுத்தால், வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொரு தொகுதி, ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 வேண்டும். ஒன்றில் 29 என்றால் இன்னொன்றில் 45 இருந்தும் பிரயோஜனம் இல்லை. சியேலே 2016-இல் வந்தது, செர்வாந்தேஸோடு மெக்சிகோ, சலமாங்கா, புவனோஸ் ஐரஸ் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துகின்றன. கணினியில் எழுதும் தேர்வு, நான்கு பகுதிக்கும் 250 வீதம் 1000 புள்ளி, தேர்ச்சி தோல்வி என்ற பேச்சே இல்லை, ஐந்து வருடம் செல்லும். துறையை மதிப்பிடத்தான் வேண்டும் என்றால் டெலெயை விட சியேலே மேல் என்பது என் கருத்து, யார் எந்தப் படியில் நிற்கிறார் என்றாவது தெரியும். வேலைக்கும் மேற்படிப்புக்கும் போகிற பிள்ளைகளை இந்த இரண்டில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் துறையை அளக்கும் கோலாக இது எங்களுக்கு ஒத்துவரவில்லை. கட்டணம் ஆயிரக்கணக்கில், போக வர செலவு வேறு, எழுத மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். ரப்பர் வெட்டப் போகிற வீட்டுப் பிள்ளையிடமும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையிடமும் இதைக் கட்டாயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கட்டாயம் இல்லை என்று விட்டால் யார் எழுதுவார்கள்? நன்றாக வருகிறவர்கள் மட்டும். அப்புறம் எழுதியவர்களில் இத்தனை சதவீதம் பி1 என்று துறை அறிக்கையில் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், எழுதாதவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது.

சரி, மூன்றாவது. கோப்பு என்றதும் கலர் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு என்று நினைக்க வேண்டாம். எங்களுடையதில் இருப்பது கொஞ்சம்தான்: திருத்தாத முதல் படியும் திருத்திய படியுமாக இரண்டு கட்டுரை, முதல் செமஸ்டர் முடிவில் செல்போனில் எடுத்த சின்னப் பேச்சுப் பதிவு, கடைசியில் ஒரு நேர்காணல், அதுவும் பதிவோடு. நேர்காணலின் போக்கை அமெரிக்காவில் ஸ்பானிஷ் துறைகள் பயன்படுத்தும், ஆக்ட்ஃபுல் என்ற அயல்மொழி ஆசிரியர் அமைப்பின் வாய்மொழித் தேர்விலிருந்து எடுத்தோம். அங்கே அது 15 முதல் 30 நிமிடம் வரை போகும். முதலில் ஊர், வீடு என்று சுலபமாகத் தொடங்கி, எந்த நிலையில் தடுமாறாமல் பேசுகிறார் என்று பார்த்து, பிறகு வேண்டுமென்றே ஒரு படி மேலே கேட்டு எங்கே சறுக்குகிறார் என்று கண்டுபிடித்து, மறுபடி சுலபமான இடத்துக்குக் கூட்டி வந்து முடிப்பது. அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். சறுக்கின இடத்திலேயே நிறுத்தினால் பிள்ளை அழுதுகொண்டு வெளியே போகும்.

நான் இந்த வழியின் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. முடிவு வந்த பிறகு வகுப்பில் எதை மாற்ற வேண்டும் என்று இது மட்டும்தான் சொல்கிறது. ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு. நடந்து முடிந்த காரியத்துக்கு ஒன்று, வழக்கமாக நடந்ததற்கும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததற்கும் இன்னொன்று. செமஸ்டர் தாளில் கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் பத்துக்கு எட்டு, ஒன்பது சாதாரணமாக எடுப்பார்கள். ஏனென்றால் வாக்கியத்திலேயே அயேர், அதாவது நேற்று, என்று இருக்கும், முதல் வடிவம் போடலாம். சியெம்ப்ரே, எப்போதும், என்று இருந்தால் இரண்டாவது. கேள்வியே விடையைக் காட்டிக் கொடுக்கிறது. சிஓ அட்டவணையில் 'இறந்தகால வடிவங்களைப் பயன்படுத்துவார்' என்ற வரிக்கு முழுதாக 3 விழும்.

அதே பிள்ளைகளிடம் நேர்காணலில் சின்ன வயதுக் கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். வழக்கமாக என்ன நடக்கும், அதில் ஏதாவது ஒரு வருடம் என்ன நடந்தது. குறும்பனைப் பக்கத்துப் பெண் ஒருத்தி அருமையாகத் தொடங்கினாள், குடில் கட்டியது, நட்சத்திரம் தொங்கவிட்டது, அப்பா கடலில் இருந்து வரத் தாமதமானது, எல்லாவற்றையும் சொன்னாள், சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முழுக் கதையும் நிகழ்காலத்தில். அப்பா வருகிறார், அம்மா அழுகிறாள், நாங்கள் ஓடுகிறோம். நிறுத்தி, இது எப்போது நடந்தது என்று கேட்டதும் எல்லா வினையையும் ஒரே இறந்தகாலத்துக்கு மாற்றினாள், கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து. வெளியே வந்து, "மிஸ், பேப்பர்ல வருது, வாயில வரல்ல" என்றாள். பதிவுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டபோது பெரும்பாலானவர்களிடம் இதே கதைதான்.

இது தெரிந்த பிறகு மூன்றாம் செமஸ்டரில் வினைத்திரிபு அட்டவணை ஒப்பிக்கும் நேரத்தைக் குறைத்தோம், அந்த இடத்தில் கதை சொல்லும் பயிற்சி வைத்தோம். முதலில் பின்னணி மட்டும், அப்புறம் 'ஒரு நாள்' என்று தொடங்கி நிகழ்ச்சி. இந்த மாற்றத்தை 2.4 சொல்லியிருக்காது. டெலெ முடிவும் பேச்சில் இத்தனை புள்ளி என்றுதான் சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. மாற்றத்தால் பலன் வந்ததா என்றால், அடுத்து வந்தவர்கள் கொஞ்சம் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வகுப்பு சின்னது, அந்தப் பிள்ளைகளே கெட்டிக்காரர்களாக இருந்திருக்கலாம், அதனால் அதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

பதிவு கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. வெளிநாட்டு மதிப்பீட்டுப் படிவங்களை அப்படியே எடுத்தால் உச்சரிப்பு வரிசையில் ஒற்றை ஆர், இரட்டை ஆர் வேறுபாட்டுக்குப் பெரிய இடம் இருக்கும். ரகரமும் றகரமும் பேச்சில் இன்னும் பிரிந்து நிற்கிற விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமே இல்லை, முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ஞகரமும் அப்படித்தான். அந்த வரியைச் சுருக்கி, கதைத் தொடர்ச்சிக்கு மார்க்கைக் கூட்டினோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது நேரம். ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 60 பேர் வகுப்புக்கு 20 மணி நேரம், மறுபடி கேட்பது தனி. ஆனால் துறை எப்படி இருக்கிறது என்று பார்க்க எல்லாருடைய பதிவையும் ஆராய வேண்டியதில்லை. மாணவருக்கு மார்க் போடுவது வேறு வேலை, துறையை மதிப்பிடுவது வேறு வேலை. இரண்டாவதுக்குச் சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு பகுதி போதும், கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்காமல் இருந்தால் சரி. பெரிய வகுப்பில் நான் செய்து பார்த்ததில்லை, அதனால் அங்கே இது எப்படி ஓடும் என்பதில் என் பேச்சுக்கு அவ்வளவு எடை கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடும்போது கை தாராளமாகிவிடும். ஆக்ட்ஃபுல் அதிகாரப்பூர்வத் தேர்வில் ஒரே பதிவை இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். நாங்கள் வேறு ஊரில் ஸ்பானிஷ் எடுக்கும் ஒரு தோழிக்குச் சில பதிவுகளைப் பெயர் இல்லாமல் அனுப்புகிறோம். இலக்கணத்தில் இருவருக்கும் பெரிதாக வித்தியாசம் வருவதில்லை, சரளம் என்ற வரியில்தான் சண்டை. நான் 4 போட்ட இடத்தில் அவர் 2 போட்டிருப்பார். அந்த வரியை இப்போது 'கேட்பவர் உதவி இல்லாமல் ஐந்து வாக்கியம் தொடர்கிறார்' என்கிற மாதிரி எண்ணிப் பார்க்கக்கூடியதாக மாற்றி எழுதியிருக்கிறோம், சண்டை குறைந்திருக்கிறது, தீரவில்லை.

முழு பி.ஏ. நடத்துகிற துறையாக இருந்தால் இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பு என்று இன்னும் பல விளைவுகளை அளக்க வேண்டும், அவற்றுக்கு நேர்காணல் போதாது. கவிதையை அலசும் திறனை 20 நிமிடப் பேச்சில் பார்க்கப் போனால் பேச்சு நன்றாக வருகிறவர்தான் ஜெயிப்பார். அங்கே கடைசி வருட ஆய்வுக் கட்டுரையை ஒரு படிவம் வைத்து இரண்டு ஆசிரியர்கள் படிப்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

நாக் கோப்புக்கு எக்செல் கணக்கு எப்படியும் கேட்பார்கள், அதையும் போட்டு வையுங்கள், ஒரு சாயங்கால வேலைதான். மூன்றாவது வழியைத் தொடங்குகிறவர்கள் இறுதி நேர்காணலைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் முதல் செமஸ்டர் பதிவை எடுத்து, மாணவரிடம் கையெழுத்தோடு சம்மதம் வாங்கி, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆசிரியர் செல்போனில் அல்லாமல் துறைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். தொடக்கப் பதிவு இல்லாவிட்டால், கடைசியில் நன்றாகப் பேசுகிற பிள்ளை நம்மிடம்தான் கற்றதா, வரும்போதே தெரிந்து வந்ததா என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.