கொழும்பில் சுஷி: சோறு, சூரை, பில்

கொழும்பில் ஒரு சின்னச் சுஷிக் கடை நல்லதா என்று அறிய, மெனுவில் எத்தனை வகை மீன் இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. சுற்றிவரக் கடல், மீன் எப்படியும் வரும். ஒழுங்கான சோறுதான் அரிது. பல கடை ஏறி இறங்கியவர்கள் கடைசியில் ஒரு கடைக்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்றால், அது பெரும்பாலும் அங்கத்தைய சோற்றுக்காகத்தான்.

தர்ஷன் முனிதாச 1995இல் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் தொடங்கிய நிஹோன்பஷி ஜப்பானிய உணவகம் போன்ற பேர்போன இடங்களைப் பற்றியதல்ல இந்தக் குறிப்பு. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, ராஜகிரிய, பத்தரமுல்ல என்று ஒழுங்கைகளுக்குள் இருக்கும் கடைகளைப் பற்றியது. ஏழெட்டு மேசை, ஒரு கவுண்டர், மீன் வைத்த கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பேர்.

முதலில் சோறு. சுஷிக்கு வேண்டியது குட்டையான, ஒட்டுத்தன்மையுள்ள ஜப்பானிய வகை அரிசி. நமது சம்பாவிலும் நாட்டரிசியிலும் அமைலோஸ் என்ற மாச்சத்து அதிகம், அதனால் வெந்த பிறகு பருக்கை பருக்கையாகப் பிரியும். கறிக்கு அது அருமை, சுஷிக்கு உதவாது. செலவைக் குறைக்க உள்ளூர் அரிசியைக் கலக்கும் கடையில், சொப்ஸ்டிக்கால் தூக்கும்போதே துண்டு இரண்டாக உடையும். மூன்று குக்கர் கப் அரிசிக்கு (ஒரு கப் 180 மில்லிலீற்றர்) ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் அரிசி வினாகிரி, இரண்டு மூன்று மேசைக்கரண்டி சீனி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு என்பது வழக்கமான அளவு. சோறு ஆவி பறக்கும்போதே இதை ஊற்றி, அகப்பையால் பிசையாமல் வெட்டி வெட்டிக் கிளற வேண்டும். ஆறிய சோற்றில் ஊற்றினால் வினாகிரி உள்ளே போகாது. வெளியே ஈரமாக நின்று சோற்றைக் களியாக்கிவிடும். மூக்கில் ஏறுகிற மாதிரிப் புளிப்பு வாடை வந்தால் செயற்கை வினாகிரி பாவித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். கொழும்பில் இன்னொரு பொதுக் குறை சீனி. தூக்கலான இனிப்பு நேற்றைய சோற்றையும் மறைத்துவிடும்.

கையில் எடுத்தால் உடையக்கூடாது, வாயில் போட்டதும் உதிர வேண்டும், தொட்டால் உடம்புச் சூடு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அடுத்த ஓடரைத் தாராளமாகக் கொடுக்கலாம். சோறு ஜில்லென்று இருந்தால் அது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்தது. வெந்த மாச்சத்து மீண்டும் இறுகுவது 4 பாகை செல்சியஸ் அளவில்தான் மிக வேகமாக நடக்கும், அதாவது சரியாகக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில். நடுவில் வெள்ளையாகி, கடித்தால் மணலாக இருப்பது அதனால்தான். மீனைப் பழுதாகாமல் வைக்கவேண்டிய அதே பெட்டிக்குள் செய்து முடித்த ரோலையும் அடுக்கி வைக்கும் கடை, ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கெடுக்கிறது. ஆகவே புதிய கடையில் முதலில் ஒரு வெள்ளரிக்காய் ரோலும் இரண்டு சூரை நிகிரியும் (பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு) மட்டும் கேளுங்கள். வெள்ளரிக்காய் ரோலில் ஒளிந்துகொள்ள இடமில்லை. சோறும் நோரியும் (ரோலைச் சுற்றும் கடற்பாசித் தாள்) எப்படி என்று உடனே தெரிந்துவிடும்.

நோரிக்குக் கொழும்பின் காற்றே பகை. பொதியிலிருந்து வெளியே வந்த கடற்பாசித் தாள் ஈரத்தை உறிஞ்சிச் சில நிமிடங்களிலேயே மொறுமொறுப்பை இழக்கும், பிறகு கடித்தால் இழுபடும். கைரோல் கேட்பதென்றால் கவுண்டரில் உட்கார்ந்து, கையில் தந்த உடனே சாப்பிடுங்கள். மேசையில் வைத்துப் படம் எடுக்கிற நேரத்துக்குள் அது போய்விடும்.

அடுத்தது சூரை. மீன்கடையில் கெலவல்லா என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மஞ்சள்துடுப்புச் சூரைதான் இங்கே சுஷியின் முதுகெலும்பு. பெருங்கண் சூரையும் வரும். கொழும்பில் கொடுக்கிற காசுக்கு மிகப் பெறுமதியான துண்டு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாட்டின் மிகச் சிறந்த சூரை ஏற்றுமதிக்குப் போகிறது. மிச்சத்தில் எதைக் கடைக்காரர் தெரிந்தெடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலநாள் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்கும். பயணத்தின் முதல் நாள் பிடித்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே ஐஸுக்குள் ஒரே துறைமுகத்தில் இறங்கும்.

நல்ல துண்டு ஆழ்ந்த சிவப்பாக, ஓரளவு ஒளி ஊடுருவுவதாக இருக்கும். ஓரம் கபிலமாகியிருந்தால் வெட்டி நேரமாகிவிட்டது. வெளிறி, மங்கலாகி, தண்ணீர் கசிந்து, இலேசாகப் புளித்தால் அது வேறு கதை: தூண்டிலில் நீண்ட நேரம் போராடிய மீனின் உடல் சூடேறி, தசையில் அமிலம் கூடிவிடும். மீன் புதியதுதான், ஆனால் பச்சையாகச் சாப்பிட உருப்படாது. எதிர்மாறாக, தர்ப்பூசணி மாதிரி பளிச்சென்ற இளஞ்சிவப்பில், நேரம் போனாலும் நிறம் மாறாமல் இருந்தால் காபன் மொனொக்சைட் ஏற்றிய மீனாக இருக்கலாம். அந்த நிறம் மீன் பழசானாலும் மாறாது என்பதே பிரச்சினை; ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அதை அனுமதிப்பதில்லை. வானவில் மாதிரி மினுங்கினால் பயப்பட வேண்டாம். தசைநார்களில் ஒளி சிதறுவதுதான் அது. கடிபடாத வெள்ளை நார் வந்தால் வால்பக்கத் துண்டு, அல்லது நாருக்குக் குறுக்கே வெட்டத் தெரியாத கை.

சூரையில் கவனிக்கவேண்டிய ஆபத்து புழு அல்ல, ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள். பிடித்ததிலிருந்து தட்டு வரைக்கும் எங்காவது மீன் சூட்டில் கிடந்தால் அது உருவாகும். உருவான பிறகு உறையவைத்தாலும் பொரித்தாலும் போகாது. நாக்கில் மிளகு கடித்தது போல் சுள்ளென்றால் அங்கேயே நிறுத்துங்கள். சில நிமிடங்களிலோ ஒரு மணித்தியாலத்துக்குள்ளோ முகம் சிவந்து, தலையிடித்து, தடிப்புப் போடலாம். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துவிடுகிறார்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதனால்தான் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு இரண்டு நாள் பச்சை மீனைத் தொடாமல் இருப்பது நல்லது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போட்ட போட்டில் நாடே இருண்டது. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை.

சமன் (சால்மன்) உள்ளூர் மீன் அல்ல, இறக்குமதி. பண்ணையில் தீனி போட்டு வளர்த்ததென்றால் புழு அபாயம் மிகக் குறைவு. ஜப்பானியர்களே சமனைப் பச்சையாகச் சாப்பிடப் பழகியது 1980களில் நோர்வே அதைச் சந்தைப்படுத்திய பிறகுதான். கொழும்பில் அது விலைக்கேற்ற சுவை தருவது குறைவு. வெள்ளைக் கொழுப்புக் கோடுகளில் இதழ் இதழாகப் பிரிந்தால், உருகி மீண்டும் உறைந்த துண்டாக இருக்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது விலை ஏறிய பொருட்களில் இதுவும் ஒன்று. பிள்ளைகள் கேட்டால் ஒரு ரோல் வாங்கிக் கொடுங்கள், உங்களுக்குச் சூரையைக் கேளுங்கள்.

பாரை போன்ற வெள்ளை மீனைப் பச்சையாகத் தருகிறார்கள் என்றால் ஒரே கேள்வி: உறையவைத்ததா? புழுவைக் கொல்ல அமெரிக்க வழிகாட்டல் சொல்வது -20 பாகையில் ஏழு நாள், அல்லது -35 பாகையில் உறையவைத்து 15 மணித்தியாலம். “காலையில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து வந்தது சேர்” என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

நண்டு ரோல் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூருக்கே நண்டு அனுப்பும் தீவில், அந்த ரோலுக்குள் இருப்பது அநேகமாக அரைத்த மீன், மாச்சத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த குச்சி. மயோனிஸும் கொச்சிக்காயும் ஊற்றிய பொரித்த ரோல்களும் இதே வகை. சுவையாக இருக்கும், தப்பில்லை, ஆனால் மீன் விலை கொடுக்காதீர்கள்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ரோல் அல்ல, சூப். மிசோ சூப்பின் அடித்தண்ணீரில் கட்சுஒபுஷி இருக்கும். அது நம் வீட்டு மாசிக் கருவாட்டுக்கு உடன்பிறப்பு, அதே வகைச் சூரையை அவித்துப் புகையூட்டிக் காயவைத்தது. டெம்புரா தொடுசாறு, முட்டை ஒம்லெட், பொரித்த டோஃபு உறைக்குள் சோறு அடைத்த இனாரி எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீர் சேரும். வெள்ளிக்கிழமையோ சஷ்டி விரதமோ என்றால் வெள்ளரிக்காய், ஆனைக்கொய்யா, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் ரோல்கள், அவித்த பச்சை சோயா அவரை. இவ்வளவுதான் நம்பிக்கையானது.

ஹலால் பார்ப்பவர்களுக்கு மீன் பிரச்சினையே இல்லை, சாறுகள்தான். மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவில் ஏறத்தாழ 14% மதுசாரம் உண்டு. விலாங்குச் சாறிலும் டெரியாக்கியிலும் அது சேரும், சில கடைகள் சோற்று வினாகிரியிலும் விடுகின்றன. இயற்கையாகப் புளிக்கவைத்த சோயா சோஸிலும் சிறிதளவு இருக்கும். பன்றிக் கட்லட் பொரிக்கும் எண்ணெயிலேயே இறால் டெம்புராவும் பொரிகிறதா என்பதையும் கேளுங்கள். “ஹலாலா?” என்று பொதுவாகக் கேட்டால் “ஓம்” என்றுதான் பதில் வரும்; மிரின், சாகே (ஜப்பானிய அரிசி மது) என்று பெயர் சொல்லிக் கேட்டால் சமையலறைக்குள் போய் விசாரித்து வருவார்கள்.

வசாபி என்று வரும் பச்சைப் பசை பெரும்பாலும் ஹோர்ஸ்ரடிஷ், கடுகு, நிறமூட்டி. அதைச் சோயா சோஸில் கரைத்துக் குளமாக்கினால் சூரையின் சுவை போய்விடும். நிகிரியைச் சரித்து மீன் பக்கத்தை மட்டும் தொடுங்கள். சோற்றைத் தோய்த்தால் அது சோஸுக்குள்ளேயே உதிரும்.

பில்லில் விலைக்கு மேல் 10% சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18% வற் வரியும் ஏறலாம். மெனுவில் 5,000 ரூபா என்று கூட்டியது 6,400ஐத் தாண்டும். சில கடைகள் வரியையும் சேர்த்தே விலை போடுகின்றன. அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் வாசியுங்கள். போயா தினத்தில் சாகே கிடைக்காது. மாலை திறந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் போனால் புதுச் சோறு கிடைக்கும், கவுண்டரிலும் இடமிருக்கும்.

வீட்டுக்கு எடுப்பதென்றால் நிகிரியும் கைரோலும் வேண்டாம். பிக்மீயிலோ ஊபரிலோ ஆறு மணிக்கு டூப்ளிகேஷன் வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்கு வர முக்கால் மணித்தியாலம் ஆனால், சோறு இறுகி மீன் வெதுவெதுப்பாகியிருக்கும். சோறு வெளியே, நோரி உள்ளே இருக்கும் ரோல்கள் ஓரளவு தாங்கும். சூடான டெம்புராவைச் சுஷியோடு ஒரே பெட்டியில் போடவேண்டாம் என்று குறிப்பில் எழுதுங்கள், பலர் கேட்காவிட்டால் போட்டுவிடுகிறார்கள். வந்ததும் சாப்பிடுங்கள். மிஞ்சிய பச்சை மீனை நாளைக்கு என்று எடுத்து வைக்காமல் அன்றிரவே சட்டியில் வாட்டி முடித்துவிடுங்கள். நெடுநேரம் வெளியே கிடந்திருந்தால் அதுவும் வேண்டாம், வீசிவிடுங்கள்.